அமெரிக்க உள்நாட்டுப் போர் எதற்காக நடந்தது? ஆவணம் சொல்வதும் ஊர் சொல்வதும்

#1 | கரிசல்காட்டான்

வரலாற்றுப் பிரிவு நண்பர்களுக்கு வணக்கம். வெகுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே இறக்கி வைக்கிறேன்.

1861 முதல் 1865 வரை, ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த தென்மாநிலங்களுக்கும் ஒன்றியத்தில் நின்ற வடக்குக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் எதனால் வந்தது என்று அங்குள்ள வரலாற்றுப் பேராசிரியர்களைக் கேட்டால், இன்று அநேகமாக எல்லோரும் அடிமை முறையைத்தான் சொல்வார்கள். தவிர்த்திருக்க முடியுமா, யார் எங்கே சறுக்கினார்கள் என்பதிலெல்லாம் அவர்களுக்குள் சண்டை உண்டு. அடிப்படைக் காரணத்தில் இல்லை. ஆனால் போர் தொடங்கி 150 ஆண்டு நிறைந்த 2011இல் பியூ ஆய்வு மையம் பொதுமக்களைக் கேட்டபோது, 48 சதவீதம் பேர் முக்கியக் காரணம் மாநில உரிமைகள், அதாவது மத்திய அரசு தலையிடாமல் மாநிலங்கள் தாமே முடிவெடுக்கும் உரிமை, என்றார்கள். அடிமை முறை என்றவர்கள் 38 சதவீதம்தான். 30 வயதுக்குக் குறைந்தவர்களில் மாநில உரிமை என்றவர்கள் 60 சதவீதம். ஆகவே, கிழவர்கள் பழங்கதையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை.

இத்தனைக்கும் பிரிந்து போனவர்கள் எதையும் ஒளித்துவைக்கவில்லை. மிசிசிப்பி மாநிலம் 1861 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றிலும் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. பிரிந்தவர்கள் அமைத்த தென்மாநிலக் கூட்டமைப்பு அரசின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் அதே ஆண்டு மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர், அடிமை நிலையே அவர்களுக்கு இயல்பானது, அதுவே எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். இதைவிடத் தெளிவான வாக்குமூலம் எந்த நீதிமன்றத்தில் கிடைக்கும்?

பாட்டன் தன் கையால் எழுதிவைத்த காரணத்தைக் கொள்ளுப்பேரன் ஏன் மறுக்கிறான்? இதுதான் என் கேள்வி.

#2 | செம்பியன்

ஐயா, தீர்ப்பை எழுதி மடித்து வைத்துக்கொண்டு விசாரணைக்கு அழைக்கிறீர்கள்.

தென்பகுதிப் படையில் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் ஓர் அடிமையைக்கூட வைத்திருக்காத சிறு விவசாயிகள். தன்னிடம் இல்லாத சொத்துக்காக எவனாவது உயிரைக் கொடுப்பானா? வீட்டுக்கு முன்னால் வேற்றுப் படை வந்து நின்றது, எதிர்த்தான், அவ்வளவுதான். வடக்கு மட்டும் என்ன? ஒரு அடிமையையும் விடுவிக்காமலேயே ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன் என்று அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிங்கனே 1862 ஆகஸ்டில் பத்திரிகை ஆசிரியர் கிரீலிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வடக்குக்கும் தெற்குக்கும் சுங்க வரித் தகராறு வேறு இருந்தது. பேராசிரியர்கள் எல்லாவற்றையும் ஒரே காரணத்துக்குள் அடக்குகிறார்கள். மக்கள் அதை ஏற்க மறுக்கிறார்கள். மக்களை மூடர்கள் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

#3 | ஏட்டுப்பூச்சி

செம்பியன், மக்களை மூடர்கள் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அடுக்கியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் விட முடியாது.

மாநில உரிமை என்ற வாதம் போருக்கு முன் யார் கையில் இருந்தது? தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துத் தர வேண்டும் என்று 1850இல் மத்தியச் சட்டம் வந்தது. தெற்கு கேட்டு வாங்கிய சட்டம் அது. வடமாநிலங்கள் சில, எங்கள் மண்ணில் ஆள்பிடிக்க விட மாட்டோம் என்று தங்கள் சட்டமன்றங்களில் எதிர்ச்சட்டம் போட்டன. மாநில உரிமையைப் பயன்படுத்தியது வடக்கு. முதலில் பிரிந்த தென் கரோலினா, 1860 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், இப்படி உரிமையைப் பயன்படுத்திய வடமாநிலங்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது! பிரிந்தவர்கள் எழுதிக்கொண்ட புதிய அரசியல் சாசனமோ, அடிமைகள் மீதான சொத்துரிமையைப் பாதிக்கும் எந்தச் சட்டமும் தங்கள் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. அடிமையோடு எந்த மாநிலத்துக்குள்ளும் போகலாம் என்றும் சேர்த்துக்கொண்டது. மாநிலத்துக்கு அங்கே என்ன உரிமை மிஞ்சியது?

சுங்க வரி: அவர்கள் பிரிந்து போனபோது நடப்பில் இருந்தது 1857ஆம் ஆண்டின் வரி விகிதம். அந்த நூற்றாண்டிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. வரியை உயர்த்திய மோரில் சட்டம் 1861 மார்ச் 2 அன்றுதான் கையெழுத்தானது. அதற்குள் ஏழு மாநிலங்கள் வெளியேறிவிட்டன.

லிங்கன் கடிதத்தை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சர்களிடம் அவர் படித்துக் காட்டிவிட்டார். கடிதம் எழுதும்போது வரைவு மேசை இழுப்பறையில் இருந்தது. அது அரசியல்வாதியின் கடிதம். வடக்கு போரில் இறங்கியது ஒன்றியத்தைக் காக்க என்பதை நான் மறுக்கவில்லை. ஒன்றியம் ஏன் உடைந்தது என்பது வேறு கேள்வி. அதற்கான விடை உடைத்தவர்களின் காகிதத்தில் இருக்கிறது.

சிறு விவசாயி விஷயத்துக்கு வருகிறேன். தனி மனிதர்களைக் கணக்கிட்டால் அடிமை உடைமையாளர் குறைவாகத் தெரிவார்கள். குடும்பமாகக் கணக்கிட்டால் 1860 மக்கள்தொகைக் கணக்கின்படி மிசிசிப்பியிலும் தென் கரோலினாவிலும் ஏறத்தாழப் பாதி வெள்ளைக் குடும்பங்களில் அடிமைகள் இருந்தார்கள். இல்லாதவனுக்கும் நாளை வாங்கலாம் என்ற ஆசை இருந்தது, தனக்குக் கீழே ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும் என்ற நிம்மதியும் இருந்தது. சாதி ஊரில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

#4 | குறுமுனி

ஒரு சிறு சேர்க்கை. மூலைக்கல் பேச்சுப் பேசிய அதே ஸ்டீவன்ஸ் போருக்குப் பிறகு இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை, மத்திய அரசின் அதிகாரத்துக்கும் மாநில இறையாண்மைக்கும் நடந்த கொள்கை மோதல் என்று நிறுவுவதற்காக. கொள்ளுப்பேரன் மறுப்பது இருக்கட்டும் கரிசல்காட்டாரே, பாட்டனே மறுத்துவிட்டார்.

#5 | மல்லிகைப்பந்தல்

நான் ஜார்ஜியாவில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டோன் மவுண்டன் என்ற ஒற்றைக் கல்மலை. நம் ஊர்க்காரர்கள் வந்தால் எல்லோரும் அழைத்துப் போகும் இடம். மலையின் ஒரு முகத்தில் தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ், அதன் தளபதிகள் ராபர்ட் லீ, ஸ்டோன்வால் ஜாக்சன் மூவரும் குதிரை மேல், சுமார் 190 அடி அகலத்துக்குச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். போர் முடிந்த கையோடு செதுக்கியது என்றே பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. முடிக்கப்பட்டது 1972இல்! 1920களில் தொடங்கி, பணம் இல்லாமலும் சிற்பியோடு சண்டையாலும் நின்றது. கறுப்பர்களின் குடியுரிமைப் போராட்டம் சூடுபிடித்த காலத்தில், 1958இல், மாநில அரசு மலையையே விலைக்கு வாங்கி வேலையை மறுபடி தொடங்க வழிசெய்தது. கறுப்பர்களை வன்முறையால் மிரட்டிய வெள்ளை வெறிக் கூட்டமான கூ கிளக்ஸ் கிளான் 1915இல் மறுபிறவி எடுத்ததும் இதே மலை உச்சியில் சிலுவையைக் கொளுத்தித்தான். சுற்றுலாக் கையேட்டை மட்டும் நம்பினால் இதில் பாதி தெரியாது.

சிலைகள் நிறுவிய காலத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால், போர் முடிந்த உடனே வந்தவை பெரும்பாலும் கல்லறைகளில் இருக்கின்றன. நீதிமன்ற வாசலுக்கும் ஊர் நடுவுக்கும் வந்த பெரிய அலை 1890களுக்குப் பிறகு, கறுப்பர்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டுத் தனித்தனி இருக்கை, தனித்தனிப் பள்ளி என்று சட்டங்கள் எழுந்த காலத்தில். அதில் பெரும்பங்கு 1894இல் நாஷ்வில்லில் தொடங்கிய கூட்டமைப்பு மகள்கள் சங்கத்துடையது, அதாவது தென்பகுதி வீரர்களின் வழிவந்த பெண்களின் சங்கத்துடையது. சமூகத்தில் மதிப்புள்ள பெண்கள். பலகாரம் விற்றும் சந்தா சேர்த்தும் சிலை வைத்தார்கள். சிலையைவிடப் பெரிய வேலை பாடப்புத்தகம். சங்கத்தின் வரலாற்றுப் பொறுப்பாளராக இருந்த மில்ட்ரெட் ரதர்ஃபோர்ட் என்ற ஆசிரியை, பள்ளிகளும் நூலகங்களும் புத்தகங்களை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று ஒரு கையேடு வெளியிட்டார். அடிமைகளை வைத்துக்கொள்ளவே தெற்கு போரிட்டது என்று சொல்லும் நூலைத் தள்ளுங்கள், அடிமை உடைமையாளரைக் கொடியவராகக் காட்டும் நூலைத் தள்ளுங்கள் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. இப்படித் தேறிய புத்தகத்தைப் படித்த குழந்தைகள் பின்னாளில் ஆசிரியர் ஆனார்கள், சட்டமன்ற உறுப்பினர் ஆனார்கள். பியூ கணக்கெடுப்பில் வந்த 48 சதவீதத்தை அப்படியே விளைந்த பயிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விதைத்து, நீர் பாய்ச்சி, களை எடுத்து வளர்த்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பக்கத்து வீட்டு முதியவர் ஏப்ரல் மாதம் தன் கொள்ளுத் தாத்தாவின் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வருவார். நல்ல மனிதர், எங்களிடம் வேறுபாடு பாராட்டியதே இல்லை. தாத்தா 19 வயதில் காய்ச்சலில் இறந்த கதையைச் சொல்வார். அந்தக் கதையில் அடிமைகளே வருவதில்லை. பொய் சொல்கிறார் என்று என்னால் சொல்ல முடியாது. அவருக்கு வந்து சேர்ந்த கதை அவ்வளவுதான்.

#6 | செம்பியன்

மல்லிகை அக்கா, கடைசிப் பத்தியில் என் வாதத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நம் ஊரில் எத்தனை நடுகல் இருக்கிறது? ஆநிரை கவரப் போனவனுக்கும் கல், மீட்கப் போனவனுக்கும் கல். எந்த நியாயத்துக்காகச் செத்தான் என்று விசாரித்தா படையல் வைக்கிறோம்? இறந்தவனை நினைப்பது மனித இயல்பு. அதைப் பேராசிரியர்களின் தேர்வுத்தாளாக்க வேண்டாம்.

#7 | குறுமுனி

நடுகல் உதாரணம் நன்று. ஆனால் அது செத்தவனுக்கு அவன் ஊரார் வைத்தது. நாற்பது ஆண்டு கழித்துக் குழு அமைத்து, நன்கொடை திரட்டி, எதிர்த்தரப்பான கறுப்பர் வழக்குக்கு வரும் நீதிமன்ற வாசலில் வைத்தால் அது நடுகல் இல்லை, மிரட்டல் கல்.

தளபதி லீயிடமே கேட்டார்கள். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் நினைவுச் சின்னம் வைக்க யோசனை கேட்டு 1869இல் அழைப்பு வந்தபோது, போரின் புண்களைத் திறந்தே வைத்திருக்காமல் இருப்பதுதான் அறிவு என்று பதில் எழுதி ஒதுங்கிக்கொண்டார். அவர் 1870இல் இறந்தார். ரிச்மண்ட் நகரில் அவருக்கு 1890இல் பெரிய குதிரைச் சிலை வைத்தார்கள். 2021 செப்டம்பரில் இறக்கினார்கள்.

#8 | செம்பியன்

சரி, சிலையை விடுங்கள். வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்கிறீர்களே, நூறு ஆண்டுக்கு முன் அவர்கள் என்ன பேசினார்கள்? அதையும் எழுதுங்கள். அன்றைக்கும் அவர்களிடம் ஆவணம் இருந்தது, பட்டம் இருந்தது, அடிக்குறிப்பு இருந்தது.

#9 | ஏட்டுப்பூச்சி

இந்த இழையிலேயே இதுவரை வந்த மிக நல்ல கேள்வி. முழுதாகவே பதில் சொல்கிறேன்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கோலோச்சியவர் கொலம்பியாவின் வில்லியம் டன்னிங். போருக்குப் பின் தெற்கில் கறுப்பர்கள் வாக்களித்து, சட்டமன்றத்தில் உட்கார்ந்த மறுகட்டமைப்புக் காலத்தை ஊழலும் அராஜகமும் நிறைந்த இருண்ட காலம் என்று அவரும் அவருடைய மாணவர்களும் எழுதினார்கள். மாநிலம் மாநிலமாக ஆராய்ச்சி செய்து, கட்டுக்கட்டாக ஆவணம் பார்த்து எழுதினார்கள். கறுப்பர் ஆளத் தகுதியற்றவர் என்ற முடிவு ஆராய்ச்சிக்கு முன்பே அவர்களிடம் இருந்தது. பிறகு 1930களிலும் 40களிலும் ஜேம்ஸ் ராண்டல், ஏவரி கிரேவன் போன்றோர், போர் தேவையற்றது, பொறுப்பற்ற அரசியல்வாதிகளாலும் வெறியேற்றிய பேச்சாளர்களாலும் வந்தது என்றார்கள். அடிமை முறை அவர்கள் எழுத்தில் ஒரு ஓரத்துக்குப் போனது.

அப்போது மறுத்துப் பேசியவர் இருந்தார். கறுப்பின அறிஞர் டு பாய்ஸ், மறுகட்டமைப்பு அரசுகள் தெற்குக்குப் பொதுப்பள்ளியும் மக்களாட்சியும் தந்தன என்று 1909 டிசம்பரிலேயே அமெரிக்க வரலாற்றுச் சங்கக் கூட்டத்தில் கட்டுரை வாசித்தார். டன்னிங் அரங்கில் இருந்தார். கட்டுரை அச்சானது, மறக்கப்பட்டது. அதை விரித்து 1935இல் பெரிய நூலாக எழுதினார்; அதன் கடைசி அத்தியாயம் முழுவதும் வரலாற்றாசிரியர்கள் எப்படிப் பிரசாரகர்கள் ஆனார்கள் என்பதுதான். அந்தத் துறையின் முதன்மை இதழ் அன்று அந்த நூலுக்கு மதிப்புரைகூட வெளியிடவில்லை. குடியுரிமைப் போராட்டம் நடந்த 1950, 60களில்தான் துறை மெல்லத் திரும்பியது. தெருவில் நடந்த மாற்றம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது.

ஆகவே, அறிஞர்கள் ஒரு பக்கம், பாமரர் ஒரு பக்கம் என்று கரிசல்காட்டார் தலைப்பிலேயே கோடு போட்டது எனக்கு உடன்பாடில்லை. இன்று நாம் பாமரர் நினைவு என்று சிரிப்பதில் பாதி, அன்றைய முனைவர் பட்ட ஆய்வேடு. பேராசிரியர்கள் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள், பழைய வீட்டில் மக்கள் குடியிருக்கிறார்கள்.

#10 | மல்லிகைப்பந்தல்

பூச்சியாரே, "மக்கள்" என்று நீங்களும் செம்பியனும் சொல்லும்போது யாரை எண்ணிக்கொண்டு சொல்கிறீர்கள்? 1860இல் அடிமைகளாக இருந்த ஏறத்தாழ 40 இலட்சம் பேரும் அவர்கள் பிள்ளைகளும் பொதுமக்கள் கணக்கில் வர மாட்டார்களா? போர் எதற்காக என்பதில் அவர்களுக்கு ஒரு நாளும் ஐயம் இருந்ததில்லை. ஒன்றியப் படையில் சேர்ந்த சுமார் 1,80,000 கறுப்பு வீரர்களைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பார்கள். கால்வெஸ்டன் நகரில் 1865 ஜூன் 19 அன்று விடுதலை ஆணை வாசிக்கப்பட்டதை டெக்சாஸ் கறுப்பர்கள் ஆண்டுதோறும் கொண்டாடி வந்தார்கள். நாடு அதைத் தேசிய விடுமுறையாக ஏற்றது 2021இல்.

சார்ல்ஸ்டன் கதையைக் கேளுங்கள். அந்நகரின் குதிரைப்பந்தய மைதானத்தைத் தென்பகுதியினர் திறந்தவெளிச் சிறையாக வைத்திருந்தார்கள். குறைந்தது 257 வடபகுதிக் கைதிகள் நோயிலும் வெயிலிலும் இறந்தார்கள். நடுவர் மேடைக்குப் பின்னால் ஒரே குழியில் தள்ளி மூடினார்கள். நகரம் விழுந்ததும் அவ்வூர்க் கறுப்புத் தொழிலாளர்கள் வந்து உடல்களைத் தோண்டி எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனிக்குழி வெட்டிப் புதைத்து, சுற்றி வேலி கட்டி, வெள்ளை அடித்தார்கள். 1865 மே 1 அன்று சுமார் 10,000 பேர் அங்கே திரண்டார்கள். முன்னால் கையில் ரோஜாக்களோடு பள்ளிக் குழந்தைகள். அப்போது செய்தித்தாள்களிலும் வந்தது.

பிறகு? 1916இல் கூட்டமைப்பு மகள்கள் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர், இப்படி ஒன்று நடந்ததாமே, உண்மையா என்று சார்ல்ஸ்டனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அதிகாரப்பூர்வமான தகவல் எதுவும் திரட்ட முடியவில்லை, வருந்துகிறேன் என்று அங்கிருந்த மகளிர் நினைவுச் சங்கத்திலிருந்து பதில் போனது. மைதானம் பூங்காவாகி, வேட் ஹாம்ப்டன் என்ற தென்பகுதித் தளபதியின் பெயரைத் தாங்கியது. 1990களில் டேவிட் பிளைட் என்ற வரலாற்றாசிரியர் ஒரு ஆவணக் காப்பகப் பெட்டியில் இதைக் கண்டெடுத்த பிறகுதான் வெளியுலகம் அறிந்தது. பத்தாயிரம் பேர் கூடிய நிகழ்ச்சி! ஊர் மறந்தது, துறை தேடவில்லை, ஒரு வரலாற்றாசிரியர்தான் கடைசியில் மீட்டார். இதில் எந்தப் பக்கம் நல்ல பக்கம் என்று கோடு போடுவீர்கள்?

#11 | கரிசல்காட்டான்

சகோதரி, இந்தச் சார்ல்ஸ்டன் செய்தி எனக்குப் புதிது. மனம் நிறைந்த நன்றி.

இதோடு தொடர்புள்ளதாக ஒன்று. அந்தப் போரால் அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் போவது நின்றது. இந்தியப் பருத்திக்கு வந்த கிராக்கியில் பம்பாய் பணத்தில் மிதந்தது. 1865இல் போர் முடிந்து விலை விழுந்ததும் பங்குச் சந்தையும் வங்கிகளும் சரிந்தன. எங்கள் திருநெல்வேலிச் சீமைப் பருத்தியும் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியது. எங்கள் பக்கத்தில் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டு உண்டு, கதை உண்டு. அந்தப் பருத்தி விலையைப் பற்றிக் கிழவர்கள் வாயில் நான் ஒரு சொல் கேட்டதில்லை. பொருளாதார வரலாறு படித்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த நினைவு.

#12 | நெறியாளர்

பருத்தி நல்ல பொருள், ஆனால் தனி இழையாகத் தொடங்குங்கள். இங்கே போர் நினைவோடு நிற்போம்.

#13 | ஊர்க்குருவி

மூத்தவர்களிடம் ஒரு ஐயம். நான் படித்த இடத்திலெல்லாம் இறந்தவர்கள் 6,20,000 என்று இருக்கிறது. ஒரு கட்டுரையில் 7,50,000 என்று பார்த்தேன். எது சரி?

#14 | ஏட்டுப்பூச்சி

தம்பி, 6,20,000 என்பது 19ஆம் நூற்றாண்டில் படைப் பதிவேடுகளைக் கூட்டிச் செய்த மதிப்பீடு. தென்பகுதிப் பதிவுகள் பல அழிந்துபோனதால் அந்தப் பக்கம் பெரும்பாலும் ஊகம். 2011இல் டேவிட் ஹாக்கர் என்பவர், மக்கள்தொகைக் கணக்கில் 1860இல் இருந்த இளைஞர்களில் எத்தனை பேர் 1870இல் காணாமல் போனார்கள் என்று பார்த்து 7,50,000 அளவில் இருக்கும் என்றார். 2024இல் தனிநபர்க் கணக்குப் பதிவுகளை முழுதாக வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு 6,98,000 என்றது. கல்வெட்டில் பொறித்த எண்ணை மாற்ற முடியாது. அதனால் சுற்றுலா வழிகாட்டிகள் இன்னும் 6,20,000 என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். குறித்துக்கொள், மூன்றில் இரண்டு பங்கு பேர் இறந்தது குண்டடியால் அல்ல, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் போன்ற நோய்களால். மல்லிகையின் பக்கத்து வீட்டுத் தாத்தா போல.

#15 | குறுமுனி

நினைவு என்றதும் ஃபோர்ட் பிராக் நினைவுக்கு வருகிறது. வட கரோலினாவில் உள்ள பெரிய படைத்தளம். பிராக்ஸ்டன் பிராக் என்ற தென்பகுதித் தளபதியின் பெயர். தோற்றதற்கே பெயர் பெற்றவர். 2023இல் அதை ஃபோர்ட் லிபர்ட்டி ஆக்கினார்கள். 2025இல் மறுபடி ஃபோர்ட் பிராக். ஆனால் அதே ஆள் இல்லையாம். கூட்டமைப்புக்காரர் பெயரை வைக்கச் சட்டம் இடம் கொடுக்காததால், இரண்டாம் உலகப் போரில் வீரப்பதக்கம் பெற்ற ரோலண்ட் பிராக் என்ற சிப்பாயைத் தேடிப் பிடித்தார்கள். பலகை பழையது, ஆள் புதியவர். எந்த வரலாற்றாசிரியரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

#16 | செம்பியன்

சிரித்துவிட்டேன். இருந்தாலும் என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பிரிவினை அறிக்கையை எழுதியவர்கள் தோட்ட முதலாளிகளும் வழக்கறிஞர்களும். களத்தில் நின்றவன் மனத்தில் என்ன இருந்தது? இருபது அடிமை வைத்திருந்தால் ஒருவருக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு என்று 1862 அக்டோபரில் சட்டம் போட்டபோது, இது பணக்காரன் போர், ஏழையின் சண்டை என்று அவன் முணுமுணுத்தானே? அவனுடைய நினைவுதானே பேரனுக்கு வந்தது?

#17 | ஏட்டுப்பூச்சி

முணுமுணுத்தான், ஓடியும் போனான். தென்மாநிலங்களைச் சேர்ந்த வெள்ளையர்கள் சுமார் ஒரு இலட்சம் பேர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமாகவே 1863இல் பிரிந்தது. இந்தத் தென்பகுதிக்காரர்களுக்கு நீதிமன்ற வாசலில் சிலை மிக அபூர்வம். பேரனுக்கு வந்து சேர்ந்த நினைவில் இவர்களும் இல்லை.

களத்தில் நின்றவர்களைப் பொறுத்தவரை, ஜேம்ஸ் மக்பெர்சன் என்ற வரலாற்றாசிரியர் இரு தரப்பு வீரர்களின் 25,000க்கும் மேற்பட்ட கடிதங்களைப் படித்தார். தென்பகுதியினரில் அடிமை முறைக்காகப் போரிடுகிறேன் என்று வெளிப்படையாக எழுதியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். வீடு, மானம், சுதந்திரம் என்பவையே அதிகம். இதை உங்கள் பக்கத்தில் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அடிமை முறையை எதிர்த்து அந்தத் தென்பகுதிக் கடிதங்களில் ஒருவரும் எழுதவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது விவாதத்துக்கு உரியதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை.

#18 | செம்பியன்

ஐந்தில் நான்கு பேர் சொல்லாததை அவர்கள் தலையில் ஏற்ற எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. கடிதங்களைப் படித்துவிட்டு வருகிறேன். கரிசல்காட்டார் பருத்தி இழையைத் தொடங்கினால் இணைப்பை இங்கே போடுங்கள்.